குளிர் ஊரில், கறுப்பு முடிக்குப் பளிச் நிறம்: வீட்டில் போடுகிறவர்கள் சொல்வது

ஹட்டன்:
தோள் வரைக்கும் கறுப்பு முடி, இதுவரைக்கும் எந்தச் சாயமும் படாதது. டிசம்பர் லீவுக்கு நீலமோ ஊதாவோ பளிச்சுன்னு போடணும்னா எங்க தொடங்கணும், எவ்வளவு சாமான் வாங்கணும்? கொழும்புக்காரங்க சொல்ற நேரமெல்லாம் நம்ம குளிருக்குச் சரிவருதா? போட்டுப் பழகினவங்க கணக்கோட சொல்லுங்க.

நுவரெலியா, சலூன் வேலை:
முதல்ல ஒண்ணு விளங்கிக்கணும் தங்கச்சி. பளிச் நிறத்துக்குப் போடுற இந்த செமி-பர்மனன்ட் சாயத்துக்கு, அதாவது கழுவக் கழுவ மங்கிப் போற சாயத்துக்கு, முடியை வெளுக்கிற சக்தி கிடையாது. அதுல பெரொக்சைட்டும் இல்லை, அமோனியாவும் இல்லை. கறுப்பு முடி மேல அப்படியே பூசினா வெயில்ல திரும்பும்போது லேசா ஒரு சாடை தெரியும், அவ்வளவுதான். பெட்டியில இருக்கிற படம் வெளுத்த முடிக்கு. அதனால வேலையில முக்கால்வாசி பிளீச்தான். சாயம் பூசுறது கடைசி ஒரு மணித்தியாலம்.

முடியின் வெளிச்சத்தை நாங்க 1 முதல் 10 வரைக்கும் படியாக் கணக்கெடுப்போம். நம்ம முடி 1 அல்லது 2. வெளுக்க வெளுக்க முதல்ல செம்பழுப்பு, பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள், கடைசியா வாழைப்பழத் தோலின் உள்பக்கம் மாதிரி வெளிர் மஞ்சள். கருஞ்சிவப்பு, மெஜந்தா, செம்பு நிறத்துக்கு ஆரஞ்சே போதும். நீலத்துக்கு வெளிர் மஞ்சள் வரைக்கும் போகணும். மஞ்சள் மேல நீலம் பூசினா பச்சை. ஆரஞ்சு மேல பூசினா சேற்றுத் தண்ணி நிறம். ஊதா கொஞ்சம் பொறுத்துப் போகும். அடர்ந்த ஊதாவா இருந்தா மஞ்சள் மேலயே நிற்கும்.

கறுப்பு முடி ஒரே தடவையில வெளிர் மஞ்சளுக்குப் போகாது. பெரும்பாலும் ஆரஞ்சோட நிற்கும். அடுத்த பிளீச்சுக்கு நடுவுல குறைஞ்சது ரெண்டு கிழமை விடணும். முதல் முறை போடுறவங்களுக்கு நான் சொல்றது மெஜந்தா அல்லது வைன் சிவப்பு. ஒரு பிளீச்சோட முடிஞ்சிரும், முடியும் தப்பிக்கும்.

அளவு இது. பிளீச் தூள் ஒரு பங்கு, டெவலப்பர், அதாவது தூளோட கலக்கிற பெரொக்சைட், ரெண்டு பங்கு. சில கம்பனிக்காரர் வேற அளவு போட்டிருப்பாங்க, பக்கெட்ல உள்ளதுதான் கடைசி வார்த்தை. தோள் வரைக்கும் முழு முடிக்கு 60 முதல் 90 கிராம் தூள், 120 முதல் 180 மில்லி டெவலப்பர். வீட்டுக்கு 20 வொல்யூம், அதாவது 6 வீதம் பெரொக்சைட் உள்ளது போதும். 30 வொல்யூம் 9 வீதம், 40 வொல்யூம் 12 வீதம். குளிருக்கு வேலை மெதுவாகுதேன்னு 40 வாங்குறாங்க. அது வேண்டவே வேண்டாம், தலைத்தோல் வெந்து போகும்.

பிளாஸ்டிக் கிண்ணம், பிளாஸ்டிக் பிரஷ். எவர்சில்வரும் வேண்டாம், அலுமினியமும் வேண்டாம். உலோகம் பட்டா பெரொக்சைட் தாறுமாறா உடையும். கலந்தது மிச்சமானால் கழுவி ஊத்திருங்க. போத்தல்ல அடைச்சு வச்சா வாயு கட்டி வெடிக்கும்.

குளிர் விஷயத்துக்கு வர்றேன். நுவரெலியா சுமார் 1,868 மீற்றர் உயரம். காலைல அறைக்குள்ளேயே 15, 16 பாகைதான். ஆனா தலைத்தோல் எப்பவும் சூடு. அதனால அடிமுடி வேகமா வெளுத்து முன்னுக்குப் போயிரும், நுனி அப்படியே தூங்கும். சூடான ஊர்லயும் இந்த வித்தியாசம் உண்டு, நம்ம ஊர்ல அது ரெட்டிப்பு. தலைத்தோலை ஒட்டி ஒரு விரல் அகலம் விட்டுட்டு, நடுமுடிக்கும் நுனிக்கும் முதல்ல பூசுங்க. 20 நிமிஷம் போனதும் அடிமுடிக்கு. பூசினதும் பிளாஸ்டிக் தொப்பி, இல்லாட்டி ஒரு சொப்பிங் பேக், அதுக்கு மேல காய்ஞ்ச துவாய். பூச்சு காய்ஞ்சா வெளுக்கிறது நின்னுரும். அடுப்புப் பக்கத்துல உட்கார்றதும், டிரையர் சூட்டை நேரே அடிக்கிறதும் வேண்டாம். ஒரு இடம் வெந்து மத்த இடம் அப்படியே கிடக்கும்.

பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா ஒரு கீற்றைத் துடைச்சுப் பாருங்க. பக்கெட்ல போட்டிருக்கிற கடைசி நேரத்தைத் தாண்டக்கூடாது, நிறம் வராட்டியும் கழுவணும். கழுவின பிறகு ஈரமான ஒரு முடியை மெல்ல இழுங்க. இழுத்தது திரும்பச் சுருங்கினால் பரவாயில்லை. சூயிங்கம் மாதிரி நீண்டுக்கிட்டே போனால் அன்னைக்கு அதோட நிறுத்துங்க.

தலவாக்கலை:
அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். குளிருக்குக் கதவு ஜன்னல் எல்லாத்தையும் சாத்திட்டுப் பிளீச் கலக்கிறாங்க. தூள்ல இருக்கிற பெர்சல்பேட் மூச்சுக்குள்ள போனா இருமல் பிடிச்சுக்கும், வீசிங் இருக்கிறவங்களுக்கு ஆபத்து. லயத்துல இருக்கிறவங்க இஸ்தோப்புல வச்சுக் கலக்குங்க. தூளை மேலருந்து கொட்டாமல், டெவலப்பரை முதல்ல ஊத்தி, தூளைக் கரண்டியால மெதுவா இறக்குங்க.

சிமெந்துத் தரை நிறத்தை உறிஞ்சிக்கும், பிறகு போகாது. உரச் சாக்கைப் பிரிச்சு விரிச்சா நல்லது, உள்ளே பிளாஸ்டிக் இருக்கும். பீலியில போய்த் தலையைக் கழுவாதீங்க. கல்லு முழுக்க நீலமாகும், அடுத்து வர்றவங்க வாயில விழணும். வாளித் தண்ணியில கழுவி ஓரமா ஊத்துங்க.

மழை நாள்ல ஊத்துத் தண்ணி கலங்கி வரும். முந்தின நாளே ரெண்டு வாளி பிடிச்சுத் தெளிய வச்சு, துணியால வடிச்சுக்கோங்க. செம்மண் தண்ணியில இருக்கிற இரும்பு, வெளுத்த முடியில படிஞ்சு மங்கலாக்கும். மத்தபடி நம்ம மலைத் தண்ணி நிறத்துக்கு நல்ல தண்ணி. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புத் தண்ணி மாதிரி இல்லை, மென்மையான தண்ணி. குளிர்ந்த தண்ணிக்குச் சாயம் குறைவாத்தான் கரையும். நடுங்கிக்கிட்டே கழுவினாலும் லாபம்தான்.

பண்டாரவளை:
சாயம் பூசும் கட்டத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இந்தச் சாயங்களில் பெரும்பாலானவற்றின் மூலக்கூறுகள் நேர்மின் ஏற்றம் உள்ளவை. வெளுத்த முடியின் மேற்பரப்பில் எதிர்மின் ஏற்றம் கூடியிருக்கும். இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. வெளுத்த முடி நிறத்தை இழுப்பதும், வெளுக்காத முடி அவ்வளவாக இழுக்காததும் இதனால்தான்.

இதிலிருந்தே மிச்சம் எல்லாம் வரும். கண்டிஷனரும் நேர்மின் ஏற்றம் உள்ளதுதான். அதை முன்கூட்டியே பூசினால் சாயம் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். ஆகவே சாயத்துக்கு முன்னால் ஷாம்பூ மட்டும், இரண்டு தரம். வினாகிரி கலந்த தண்ணீரால் முடியை அலசிவிட்டுச் சாயம் பூசச் சொல்கிறார்கள். அது தலைகீழான வேலை. அமிலம் முடியின் எதிர்மின் ஏற்றத்தைக் குறைக்கும், பிடிப்பும் குறையும். சாயத்தைக் கழுவிய பிறகு ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி விட்டு அலசினால் முடி வழுவழுப்பாகும். நிறத்தை அது பூட்டி வைக்கும் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான்.

முடி முழுக்கக் காய வேண்டும். நம் ஊரில் மழை நாளில் தோள் வரையுள்ள முடியே பாதி நாள் ஈரமாகக் கிடக்கும். ஈரத்தில் பூசினால் சாயம் நீர்த்துத் திட்டுத் திட்டாக வரும். டிரையர் இல்லாவிட்டால் பிளீச்சை ஒரு நாளும் சாயத்தை மறுநாளும் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிரில் சாயக் களிம்பு இறுகிவிடும். போத்தலை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் நிறுத்துங்கள், கையால் தொடக்கூடிய சூடு போதும். அளவுக்கு, மேனிக் பேனிக் போத்தல் 118 மில்லி, கிரேஸி கலர் 100 மில்லி. தோள் வரை முழு முடி என்றால் ஒன்று போதாமல் போகலாம், இரண்டு எடுத்து வையுங்கள். நெற்றி ஓரம், காது, பிடரிக்கு வாசலின். முடியை நாலாகப் பிரித்து, ஒரு விரல் பருமனுள்ள கீற்றாக எடுத்து, இருபக்கமும் பூசி, கையுறை விரலால் பிசைந்து நுரை மாதிரி வரும்வரை உள்ளே ஏற்றுங்கள். பிடரியின் உள்மடிப்புத்தான் எல்லாருக்கும் விட்டுப்போகும் இடம். தொப்பி போட்டு 45 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம். இரவு முழுக்க வைத்தால் தலையணைக்குத்தான் நிறம் கூடும்.

பூசிய பிரஷை மூலப் போத்தலுக்குள் விடாதீர்கள். கிண்ணத்தில் ஊற்றியே எடுங்கள். போத்தலில் மிச்சமிருப்பது கெடாது, மூடி வைத்து அடுத்த முறைக்கு எடுக்கலாம்.

வெளிர் நிறம் வேண்டுமானால் வெள்ளைக் கண்டிஷனர் பத்துப் பங்குக்குச் சாயம் ஒரு பங்கு. முடி வெளிர் மஞ்சள் வரை வந்த பிறகும் மஞ்சள் அடித்தால், 100 மில்லி கண்டிஷனரில் கடலை அளவு ஊதாச் சாயம் கலந்து ஐந்து நிமிடம். முதலில் ஒரு கீற்றில் பாருங்கள், கூடினால் சாம்பல் ஊதா ஆகிவிடும்.

இன்னொன்று, குளிர் ஊர்க்காரர்களுக்கு மட்டும். இதே வகைச் சாயங்களால்தான் ஆலைகளில் அக்ரிலிக் நூலுக்கு நிறமேற்றுகிறார்கள். கம்பளி என்று நாம் வாங்கும் மலிவுத் தொப்பி, ஸ்வெட்டர், மப்ளர் பெரும்பாலும் அக்ரிலிக். ஈரத் தலையோடு தொப்பி போட்டால் அந்த நிறம் தொப்பியோடு நிரந்தரமாக இருக்கும். உண்மையான கம்பளியும் இழுக்கும். முதல் இரண்டு கிழமைக்குப் பழைய பருத்தித் துணியை உள்ளே கட்டுங்கள். தூறலில் நனைந்தாலும் காலரில் வழியும், வெள்ளை உடுப்பைத் தவிருங்கள்.

ஹட்டன்:
பிளீச் கொஞ்சமா போட்டா போதும்னு, உள்ளடுக்கு முடிக்கு மட்டும் போடலாமா? ஸ்கூல் தொடங்கினா மறைச்சிரலாம்ல?

நுவரெலியா, சலூன் வேலை:
முடியை விரிச்சுப் போடுறவங்களுக்குச் சரி. காதுக்கு மேல ஒரு கோடு பிரிச்சு, மேல் அடுக்கைக் கிளிப்பால ஒதுக்கி, கீழ் அடுக்குக்கு மட்டும் போட்டா சாமானும் கால்வாசிதான் செலவாகும். ஆனா ஸ்கூலுக்கு ரெட்டைப் பின்னல். பின்னும்போது பிடரி முடிதான் மேல ஏறி வரும், அத்தனையும் பளிச்சுன்னு வெளியே தெரியும். படிக்கிற பிள்ளைக்கு இந்த வழி உதவாது.

பிளீச் போடக்கூடாத முடியையும் சொல்லிடுறேன். ரீபாண்டிங் செய்த முடி, பிளீச் பட்டா பாதியில முறியும். கறுப்பு மருதாணின்னு விக்கிற பக்கெட் போட்ட முடியும் அப்படித்தான். அதுல பிபிடி, அதாவது பாரா-பினைலீன்டையமீன்ங்கிற சாய இரசாயனம் இருக்கலாம், சிலதுல உலோக உப்பு. உலோக உப்பு மேல பிளீச் பட்டா முடி சூடாகிப் புகையே வரும். அவுரி கலந்த மருதாணின்னா பச்சை அடிச்சு நிற்கும். சந்தேகமா இருந்தா சீப்புல விழுந்த முடியைச் சேர்த்து, கொஞ்சம் பிளீச் கலவையில போட்டு அரை மணித்தியாலம் பாருங்க. சூடு, புகை, நாற்றம் எது வந்தாலும் விட்டுருங்க.

செமி-பர்மனன்ட்னு பெட்டியில எழுதியிருந்தும் உள்ளே ரெண்டு போத்தல் இருந்தா, அது டெவலப்பரோட கலக்கிற சாதி. இங்க பேசுற சாயம் அது இல்லை. பாரா-பினைலீன்டையமீன்னு பின்பக்கம் இருக்கான்னு பாருங்க. எந்தச் சாயமா இருந்தாலும் முழங்கை உள்மடிப்புல ஒரு பொட்டு வச்சு 48 மணித்தியாலம் பொறுக்கணும். டவுன்ல பக்கெட்ல பிரிச்சு அளந்து விக்கிற பெயர் இல்லாத தூளை வாங்காதீங்க, அளவும் தெரியாது, பழசா புதுசான்னும் தெரியாது.

பதுளை:
இங்க சுமார் 680 மீற்றர்தான், வெயில் உண்டு, அதனால பிளீச் நேரத்துல உங்க அவ்வளவு தொல்லை இல்லை. ஆனா நிறம் மங்குறதைப் பற்றி எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். குளிரா இருக்கிறதால வெயில் ஒண்ணும் செய்யாதுன்னு நுவரெலியா பக்கம் நினைக்கிறாங்க. உயரம் கூடக்கூட புற ஊதாக் கதிர் கூடும், 1,000 மீற்றருக்குப் பத்து வீதம் மாதிரி. கொழுந்து மலையில நாள் முழுக்க நிக்கிறவங்க தலையில துணி கட்டாட்டி, சிவப்பும் ரோஸும் கண் முன்னாலயே வெளுக்கும்.

எண்ணெய்தான் அடுத்தது. நல்லெண்ணெய் தேய்ச்சு சீயக்காய் போட்டு ஒரு முழுக்கு போட்டா நிறம் நல்லாவே இறங்கும். தீபாவளிக்கு நிறம் போடுறவங்க முந்தின கிழமையே போட்டுட்டு, அன்னைக்கு விடிய எண்ணெய் வச்சா, பூசினது சாக்கடைக்குப் போகும். எண்ணெய் முழுக்கை முடிச்சு ரெண்டு தரம் ஷாம்பூ போட்டு எண்ணெய்ப் பசை போன பிறகு, அன்னைக்குச் சாயங்காலமே பூசுங்க. நுனி காய்ஞ்சு போனா, கழுவுற அன்னைக்கு மட்டும் அரை மணித்தியாலம் முன்னுக்கு நுனிக்குத் துளி தேங்காயெண்ணெய் போதும்.

பொடுகு ஷாம்பூ வேண்டாம். கிழமைக்கு ஒண்ணு, ரெண்டு தரம் தலை குளிச்சா போதும். 200 மில்லி கண்டிஷனர்ல அதே சாயம் ரெண்டு மேசைக்கரண்டி கலந்து வச்சுக்கிட்டு, குளிக்கும்போதெல்லாம் பத்து நிமிஷம் போட்டா, நாலு கிழமையில மங்குறது எட்டு வரைக்கும் இழுக்கும்.

ஹட்டன்:
ஜனவரியில திரும்பக் கறுப்பாக்கணும்னா?

பண்டாரவளை:
முதலில் இருக்கும் நிறத்தை இறக்குங்கள். விட்டமின் சி மாத்திரை பத்தைப் பொடித்து, பொடுகு ஷாம்பூவில் குழைத்து, ஈரமுடியில் அரை மணித்தியாலம். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்பும் ரோஸும் நன்றாகவே இறங்கும். நீலமும் பச்சையும் பிடிவாதம், அதை எடுக்க மறுபடியும் பிளீச் போட்டால் இன்னும் உள்ளே போய் உட்கார்ந்துவிடலாம்.

நிறம் மங்கிய பிறகு, வெளுத்த முடி மேல் நேரே கரும்பழுப்பைப் பூசினால் பச்சை கலந்த சாம்பலாக விழும், நாலு தரம் குளித்ததும் வெளிறும். முடியில் இழந்த செம்மையை முதலில் திருப்பிக் கொடுக்க வேண்டும். செம்பு நிறச் செமி-பர்மனன்ட் சாயத்தை அரை மணித்தியாலம் போட்டு, கழுவி, காயவைத்து, அதன் மேல் கரும்பழுப்பு. சுத்தக் கறுப்பு எடுக்காதீர்கள். வெளுத்த முடியில் எந்த நிறமும் ஒரு படி கூட இருட்டாகத்தான் விழும். ஸ்கூல் திறக்க ஒரு கிழமை முன்னரே செய்தால், திட்டு விழுந்த இடத்தை மறுபடி சரிப்படுத்த நேரம் இருக்கும்.