உம் கொட்ட ஆள் இல்லாத கதை கதையா?

பாம்பன் காத்து:
நேத்து தொண்டிக்காரர் இங்க எழுதியிருந்தார்: "போன்லயே கதை ஓடுது, இனிமே கிழவர்களைத் தேடிப் போற வேலை மிச்சம்." படிச்சதுலேர்ந்து வயிறு எரியுது. எங்க ஐயா வலையில கிழிசல் பொத்திக்கிட்டே, 1964 டிசம்பர் 23, தனுஷ்கோடி ரயிலைக் கடல் கொண்டுபோனதைச் சொல்வார். நாங்க உம் கொட்டணும். சத்தம் நின்னா அவரும் நிறுத்திருவார். ஊசியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, "எவன்டா தூங்குனது?" அவனை எழுப்பி உக்கார வச்சுத்தான் மறுபடி தொடங்குவார். உங்க போன் அப்படி நிக்குமா?

தொண்டிக்காரன்:
விரலை வச்சா நிக்கும். ராத்திரி நங்கூரம் போட்டு வள்ளத்துல தனியாக் காவல் கிடந்து பாருங்க. உம் கொட்டவும் ஆள் இல்ல, கதை சொல்லவும் ஆள் இல்ல. விடியிற வரைக்கும் என்னை முழிக்க வச்சது காதுல ஓடுன கதைதான்.

பாம்பன் காத்து:
உம் கொட்டாம கேட்டது கதையே இல்ல.

மண்டபத்து மக:
அப்ப ரேடியோ, அண்ணே? உங்க பாம்பன்லயே 2016லேர்ந்து கடல் ஓசை 90.4 இருக்கு. அதுக்கு முன்னாடி இந்தக் கரையே இலங்கை வானொலி கேட்டு வளந்தது. எங்க அப்பத்தா நாடகம் கேட்டுக்கிட்டே ரேடியோவுக்கு உம் கொட்டும்.

பாம்பன் காத்து:
கொட்டலாம் தங்கச்சி. அது ரேடியோ காதுல விழுமா?

கீழக்கரையான்:
கதை கேக்குறதைப் பத்தி பாம்பன் ஆளு எங்களுக்குச் சொல்ல வேண்டாம். எங்க உம்மா காலத்துல முற்றத்துல சீறாப்புராணத்தை ராகம் போட்டுப் படிப்பாங்க. மொத்தம் 5027 பாட்டு. யாரும் உம் கொட்டல, அழுதாங்க. அது எங்க ஊருச் சொத்து.

தொண்டிக்காரன்:
உமறுப்புலவர் அடங்கியிருக்கது எட்டயபுரத்துல. உங்க ஊருச் சொத்து எப்படி?

கீழக்கரையான்:
பாடச் சொன்ன சீதக்காதி வள்ளல் எந்த ஊரு? போன வருசமும் நான் எழுதுனதுல இப்படித்தான் குறுக்க வந்தீங்க. மறக்கல.

தொண்டிக்காரன்:
பாம்பன்காரரே, அந்த வண்டி பாம்பனை விட்டது 22 ராத்திரி 11.55க்கு. நான் போன்ல கேட்ட கதையில தேதி சரியா இருந்துச்சு.

பாம்பன் காத்து:
புறப்பட்டது 22. கடல் கொண்டுபோனப்ப நடுச்சாமம் தாண்டிருச்சு. தேதியைப் பிடிச்சுத் தொங்குறீங்க. அந்த இடம் வந்தா ஐயாவுக்குத் தொண்டை அடைச்சிரும். ஊசி பாதிக் கண்ணியில நிக்கும். அப்ப நாங்கதான் மெதுவா "ம்"னு சொல்லுவோம். அந்த ஒரு சத்தத்துக்கு அப்புறம்தான் அடுத்த வார்த்தை வரும். போன்ல யாரு சொல்லுவா அந்த "ம்"?

மண்டபத்து மக:
ஐயா குரலைப் பதிஞ்சு வச்சிருக்கீங்களா அண்ணே?

பாம்பன் காத்து:
இல்ல.

தொண்டிக்காரன்:
பாத்தீங்களா! பதிஞ்சிருந்தா உங்க பிள்ளைங்க இன்னைக்கு அவர் வாயாலயே கேட்டிருக்கும்.

பாம்பன் காத்து:
நான் சொல்றேன். அதுங்க உம் கொட்டுதுங்க.

தொண்டிக்காரன்:
தேதியைத் திருத்திச் சொல்லுங்க.