டாக்டர் சாப்பா குத்தின பிறகும் முதலாளியிடம் ஒப்பிக்க வேண்டுமா?

டேங்கர் மணியம்:
ஞாயிற்றுக்கிழமை கோயில் கூட்டத்தில் ஒரு பெரிய மனிதர் மைக்கைப் பிடித்து, "நோயை முதலாளியிடம் மறைத்து லாரி ஓட்டுகிறவன் கொலைகாரன்" என்று பேசியிருக்கிறார். அந்த ஒலிப்பதிவு நம் பேராக் ஊத்தான் மெலிந்தாங் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எனக்கே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். பேசியவர் லாரியில் ஏறியது தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் சாமான் ஏற்றியபோது மட்டும்தான்.

நான் பாமாயில் டேங்கர் ஓட்டுகிறவன். சரக்கு லாரி லைசன்ஸ் (ஜிடிஎல்) புதுப்பிக்கும்போது டாக்டர் பார்க்கிறார், கண் பார்க்கிறார், பிரஷர் பார்க்கிறார், ஃபாரத்தில் சாப்பா (முத்திரை) குத்துகிறார். சாலைப் போக்குவரத்து இலாகா ஜேபிஜே அதை ஏற்றுக்கொள்கிறது. அரசாங்கத்துக்கே போதும் என்றால் முதலாளிக்கு என்ன? நெஞ்சைப் பிளந்து காட்ட நான் என்ன அனுமாரா?

ரெண்டு லாரிக்காரன்:
அனுமார் அண்ணே, வணக்கம். டாக்டர் சாப்பா குத்துகிற அந்த எல்8ஏ ஃபாரத்தை ஒரு தடவையாவது படித்திருக்கிறீர்களா? வலிப்பு, மயக்கம், இதயம், இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) என்று கேட்டு வைத்திருப்பது உங்களிடம். உண்டு, இல்லை என்று கோடு போட்டுக் கையெழுத்து வைப்பது நீங்கள். டாக்டர் நீங்கள் சொன்னதை நம்பித்தான் சாப்பா குத்துகிறார். அங்கே பொய் சொல்லிவிட்டு "டாக்டர் குத்தினார்" என்றால் என்ன அர்த்தம்?

டேங்கர் மணியம்:
நான் பொய் எழுதினேன் என்று எங்கே சொன்னேன்? வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள். சாப்பா குத்தியது டாக்டரா இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ஆத்தோரப் பையன்:
அனுமார் மருந்து மலையையே தூக்கி வந்தவர். மணியம் அண்ணன் மருந்துச் சீட்டைக்கூட வெளியே எடுக்க மாட்டேன் என்கிறார்.

கிளினிக் அக்கா:
நான் கவுண்டரில் உட்கார்ந்து இந்த ஃபாரங்களைத் தினமும் பார்க்கிறவள். சாப்பா சாப்பா என்கிறீர்களே, சிறுநீர்ச் சோதனையில் இதய அடைப்பு தெரியாது தம்பி. போன மாதம் இதய ரத்தக் குழாய் அடைப்புக்குப் பலூன் வைத்தீர்களா என்று பிரஷர் மெஷின் சொல்லாது. இனிப்பு நீருக்கு ஊசி போடுகிறவர் சாப்பிடாமல் ஸ்டியரிங் பிடித்தால் சர்க்கரை இறங்கி வேர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். ராத்திரி வீடே அதிரக் குறட்டை விட்டு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களும் உண்டு. பகலில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கிவிடுவார்கள். இதெல்லாம் நீங்கள் வாயைத் திறந்தால்தான் டாக்டருக்குத் தெரியும். 2023 தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். ஆறு பேரில் ஒருவர் என்று வையுங்கள். மில் வாசலில் வரிசையில் நிற்கும் லாரிகளை எண்ணிக்கொள்ளுங்கள்.

டேங்கர் மணியம்:
அக்கா, மரியாதையோடு கேட்கிறேன். அப்படியானால் உங்கள் டாக்டர் எதை நம்பிச் சாப்பா குத்துகிறார்? ஐந்து நிமிஷத்தில் குத்திக் கொடுக்கிற கிளினிக் இந்தப் பக்கமே இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன், எல்லாருக்கும் தெரியும். அங்கே போய்ப் பேசுங்கள். டிரைவர் தலையில் மட்டும் ஏன் மிளகாய் அரைக்கிறீர்கள்?

ரெண்டு லாரிக்காரன்:
இந்த ஊரில் உட்கார்ந்து இப்படிப் பேச வெட்கமாக இல்லையா? 2025 மே 13, தெலுக் இந்தான் சுங்கை லம்பாம் பக்கம். கல் லாரி மோதி 9 போலீஸ்காரர்கள் உயிர் விட்டார்கள். நம் ரோட்டில்தான் நடந்தது. மறந்துவிட்டதா?

டேங்கர் மணியம்:
வாருங்கள், வாருங்கள், இதற்குத்தான் காத்திருந்தேன். அந்த விபத்துக்கு விசாரணைக் குழு என்ன சொன்னது? ஸ்டியரிங் கோளாறு. அளவுக்கு மீறிய பாரம். டிரைவருக்கு மாரடைப்பு என்றா சொன்னது? லாரிக்குத்தான் நோய். லாரி நோயை மறைக்கிறவன் யார்? முதலாளி. நீங்கள் முதலில் உங்கள் ரெண்டு லாரியின் பிரேக் நோயை வாகனச் சோதனை செய்கிற புஸ்பாக்கோமில் ஒழுங்காகச் சொல்லுங்கள். அப்புறம் நான் என் சர்க்கரையைச் சொல்கிறேன்.

ரெண்டு லாரிக்காரன்:
என் லாரி பிரேக்கைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன தெரியும்? வாங்க, வந்து ஓட்டிப் பாருங்கள்.

டேங்கர் மணியம்:
உங்களிடம் ஓட்டினவர் கதை ஊருக்கே தெரியும். பலூன் வைத்துவிட்டு வந்தார். உண்மையைச் சொன்னார். அடுத்த மாதம் சாவியை வாங்கிக்கொண்டீர்கள்.

ரெண்டு லாரிக்காரன்:
அவரை நான் நிறுத்தவில்லை. ஓய்வு எடுக்கச் சொன்னேன். ரெண்டும் வேறு. தெரியாததைப் பேசாதீர்கள்.

ஆத்தோரப் பையன்:
எவ்வளவு நாள் ஓய்வு? இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறாரா?

சொக்சோ சேகர்:
சண்டையை நிறுத்துங்கள். சட்டம் தெரியாமல் இரண்டு பேரும் கத்துகிறீர்கள். 1955 வேலைச் சட்டப்படி வருஷத்துக்கு எம்சி (டாக்டர் சீட்டு) விடுப்பு: வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷத்துக்குக் கீழ் 14 நாள், ஐந்துக்குள் 18, அதற்கு மேல் 22. ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள் தனியாக. 2023 ஜனவரியிலிருந்து இந்த 60 நாளில் எம்சி நாளைக் கழிக்க முடியாது. இது டிரைவருக்கு இருக்கிற பாதுகாப்பு. இன்னொரு பக்கம், 1994 வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் தொழிலாளிக்கும் கடமை வைத்திருக்கிறது. தன் செய்கையால் தனக்கும் அடுத்தவருக்கும் ஆபத்து வராமல் கவனமாக இருக்க வேண்டும். முதலாளிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்.

ஆத்தோரப் பையன்:
அந்த 60 நாள் தாண்டினால் வேலை போய்விடும் என்று சொன்னார்களே?

சொக்சோ சேகர்:
யார் சொன்னது? அது வேறு 60 நாள், தம்பி. வேலையை விட்டு நிறுத்தியது நியாயமில்லை என்றால் 1967 தொழில் உறவுச் சட்டம் 20ஆம் பிரிவில் புகார் கொடுக்க 60 நாள் அவகாசம். ஆஸ்பத்திரி 60 வேறு, புகார் 60 வேறு. இதைக் குழப்பியே பாதிப் பேர் அவகாசத்தை விட்டுவிடுகிறார்கள்.

டேங்கர் மணியம்:
சேகர் அண்ணன் எத்தனை 60 சொன்னாலும் சரி. அந்த 60 நாளில் கையில் என்ன வரும்? அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி. மீதியெல்லாம் டிரிப் காசு. லாரி ஓடாவிட்டால் டிரிப் இல்லை, டிரிப் இல்லாவிட்டால் வீட்டுக் கடன், மகன் படிப்பு, கார் தவணை எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். சட்டப் புத்தகத்தைக் காட்டினால் வங்கிக்காரன் சும்மா விடுவானா? கோயிலில் பேசின பெரிய மனிதர் தவணை கட்டுவாரா? உண்மையைச் சொல்பவனுக்கு இந்த ஊரில் என்ன கிடைத்தது என்று ஒருவர் சொல்லட்டும். சாப்பா குத்திய பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பது பொய் இல்லை. அது பிழைப்பு.

பாகான் பொண்ணு:
எங்கள் அப்பா சொன்னார், மாமா. சிறுநீரகம் பாதி போய்விட்டது என்று டாக்டர் சொன்ன வாரமே ஆபீசில் போய்ச் சொன்னார். மறுநாள் காலை லாரி நிறுத்தும் இடத்தில் கெலின்டான் (லாரி உதவியாள்) வரைக்கும் தெரிந்திருந்தது. யாரோ குழுவில் போட்டு, "டையாலிசிஸ் அண்ணே" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நிலைத் தகவல் பத்திரமாக வைக்க வேண்டிய ஒன்று என்று நான் காலேஜில் படித்தேன். படித்து என்ன பயன்? அவரை டேங்கர் கழுவும் இடத்துக்கு மாற்றினார்கள். ஆனால் ஒன்று, அவர் சொல்லாமலே ஓட்டியிருந்தால் நான் ராத்திரி தூங்கியிருக்க மாட்டேன்.

டேங்கர் மணியம்:
பார்த்தீர்களா, இதைத்தானே நான் சொல்கிறேன்!

பாகான் பொண்ணு:
இல்லை மாமா, நீங்கள் சொன்னது அது இல்லை. கடைசி வரியைத் திரும்பப் படியுங்கள்.

டேங்கர் மணியம்:
படித்தேன். உன் அப்பா நல்லவர், அதற்குக் கிடைத்தது கழுவும் வேலை. எந்தக் கம்பெனி என்று பெயரைச் சொல், மற்ற டிரைவர்களுக்காவது தெரியட்டும்.

பாகான் பொண்ணு:
சொல்ல மாட்டேன். அவர் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார்.

சொக்சோ சேகர்:
பாப்பா, அப்பாவுக்கு 60 வயதுக்குள் இருந்தால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் இயலாமைப் பென்ஷன் பற்றி விசாரித்தாயா? வேலையிடத்தில் அடிபட்டால்தான் சொக்சோ என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். நோயால் சம்பாதிக்க முடியாமல் போனாலும் மனு கொடுக்கலாம். சந்தா எத்தனை மாதம் கட்டியது என்று பார்ப்பார்கள், மருத்துவக் குழு பார்க்கும். எனக்குத் தனியாக எழுது.

ரெண்டு லாரிக்காரன்:
சேகர் அண்ணன் எல்லாருக்கும் தனியாகத்தான் எழுதச் சொல்வார். என் பழைய டிரைவருக்கும் தனியாக எழுதித்தான் எனக்குத் தொழிலாளர் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது.

சொக்சோ சேகர்:
அவரை நிறுத்தவில்லை, ஓய்வுதான் கொடுத்தேன் என்றீர்களே? பிறகு கடிதத்துக்கு ஏன் பயம்?

ரெண்டு லாரிக்காரன்:
பயமா? கடிதத்தோடு வாருங்கள், கடையில் உட்கார்ந்து பேசுவோம். நான் கேட்பது ஒன்றுதான். என் லாரி, என் இன்சூரன்ஸ், ரோட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பின்னால் எத்தனை டன் பாரம். டிரைவர் மயங்கி விழுந்தால் பத்திரிகையில் யார் பெயர் வரும்? எனக்குச் சொல்லியிருந்தால் பக்கத்து மில்லுக்கு மட்டும் ஓட்ட விட்டிருப்பேன். தோட்டத்திலிருந்து குலை ஏற்றுகிற வேலை கொடுத்திருப்பேன்.

டேங்கர் மணியம்:
கொடுத்திருப்பீர்கள்! பலூன்காரருக்குக் கொடுத்தீர்களா?

கிளினிக் அக்கா:
மணியம், நான் நேராகக் கேட்கிறேன். உங்களுக்கு உடம்பில் ஏதாவது இருக்கிறதா?

டேங்கர் மணியம்:
அக்கா, டாக்டர் சாப்பா குத்தியிருக்கிறார்.

கிளினிக் அக்கா:
நான் கேட்டது அது இல்லை.

டேங்கர் மணியம்:
எனக்குப் பதில் அதுதான். 40 வயதானவர்களுக்குச் சொக்சோ இலவசப் பரிசோதனை என்று நீங்களே போன வருஷம் ஒரு நோட்டீஸ் போட்டீர்கள். போனேன். எல்லாம் சரி.

ஆத்தோரப் பையன்:
"எல்லாம் சரி" என்பதற்குச் சாப்பா உண்டா அண்ணே?

டேங்கர் மணியம்:
டேய், உன் அப்பாவும் நானும் ஒரே தோட்டத்தில் வளர்ந்தவர்கள். மரியாதையாகப் பேசு. உன் மோட்டாருக்கு ரோட் டேக்ஸ் இருக்கிறதா என்று முதலில் பார்.

ஆத்தோரப் பையன்:
அதை விடுங்கள் அண்ணே. தமிழ்ப்பள்ளி எதிரில் உங்கள் டேங்கரைக் குறுக்கே நிறுத்தி வைத்திருக்கிறீர்களே, அம்மாமார்கள் பிள்ளையை இறக்க இடமில்லாமல் திட்டுகிறார்கள். அதற்கு ஜேபிஜே அனுமதி கொடுத்ததா?

டேங்கர் மணியம்:
அது என் டேங்கர் இல்லை. ரெண்டு லாரிக்காரருடையதைப் போய்ப் பார்.

ரெண்டு லாரிக்காரன்:
என்னிடம் டேங்கரே கிடையாது, யோவ்!