ஜோடி வில்சன்-ரேபோல்ட் அந்த ஃபோன் காலை ரெகார்ட் பண்ணது சரியா?

மாலைநேரம்:
நேத்து சாப்பாட்டு மேசைல இந்தப் பழைய கதை கிளம்பி பெரிய சண்டையே ஆயிடுச்சு, அதான் கேக்குறேன். தெரியாதவங்களுக்கு: ஜோடி வில்சன்-ரேபோல்ட், கனடால வான்கூவர் கிரான்வில் தொகுதி எம்பியா இருந்தவங்க, 2015ல பிரதமர் ட்ரூடோ அமைச்சரவைல சட்ட அமைச்சர், அரசாங்கத்தோட தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரலும் அவங்கதான், அந்தப் பதவிக்கு வந்த முதல் பூர்வகுடி ஆள். லிபியா லஞ்சக் கேஸ்ல மாட்டின எஸ்என்சி-லாவலின் கம்பெனியை விசாரணை இல்லாம ஒரு ஒப்பந்தம் போட்டு அபராதத்தோட விட்டுடலாம்னு பிரதமர் ஆபீஸ்ல இருந்து நெருக்குனாங்க, இவங்க முடியாதுன்னாங்க, 2019 ஜனவரி 14ல இலாகாவை மாத்திட்டாங்க, பிப்ரவரில ராஜினாமா, ஏப்ரல் 2ல கட்சிக்கே வெளிய. நடுவுல, அரசாங்கத்துல தலைமை அதிகாரியா இருந்த மைக்கேல் வெர்னிக் 2018 டிசம்பர் 19ல பேசின ஃபோன் காலை அவருக்குத் தெரியாம பதிஞ்சு பின்னாடி வெளிய விட்டாங்க. எனக்கு அது தப்பாத்தான் படுது. இப்படி டேப் பண்ண ஆரம்பிச்சா எந்த அதிகாரி எந்த அமைச்சர்கிட்ட மனசு விட்டுப் பேசுவாரு?

ஏரிக்கரை:
அவ ஏன் பதிஞ்சவ எண்டதையும் பாருங்கோ. ஒப்பந்தம் இல்லை, வழக்குத்தான் எண்டு அரச வழக்குத்தொடுநர் தலைவி கேத்லீன் ரூசெல் 2018 செப்டம்பர் 4இலயே முடிவு எடுத்திட்டா. பிறகும் நாலு மாசமா ஆள் மாறி ஆள் வந்து திரும்ப யோசியுங்கோ, திரும்ப யோசியுங்கோ எண்டு கேக்கினம், 11 பேர் எண்டு வில்சன்-ரேபோல்ட் நாடாளுமன்றக் குழுவில சாட்சி சொன்னவ. அந்தக் காலைக் கேட்டுப் பாருங்கோ, 17 நிமிசம், பிரதமர் இதில உறுதியா இருக்கிறார் எண்டு வெர்னிக் சொல்லிக்கொண்டே இருக்கிறார், இது அரசியல் தலையீடு எண்டு அவ எச்சரிச்சுக்கொண்டே இருக்கிறா. பதிவு இல்லாட்டி இண்டைக்கும் ஊதிப் பெருப்பிச்சுச் சொல்லுறா எண்டுதான் கதைச்சிருப்பினம். நான் மார்க்கம்-ஸ்டோவில் தொகுதி ஆள். அவவுக்காக 2019 மார்ச் 4 அமைச்சுப் பதவியை விட்டுட்டு வந்த ஜேன் ஃபில்போட்தான் அப்ப எங்கட எம்பி. அந்த அக்டோபர் தேர்தலில சுயேச்சையா நிண்டு அவ தோத்தது எனக்கு இப்பவும் கவலை.

சட்டப்புள்ளி:
அந்த ஒப்பந்த முறையையே இதே அரசாங்கம் 2018 பட்ஜெட் மசோதாக்குள்ள வச்சுத்தான் கொண்டு வந்துச்சு. அந்தச் சட்டத்துலயே, வெளிநாட்டு அதிகாரிக்கு லஞ்சம் கொடுத்த கேஸ்ல நாட்டோட பொருளாதார நலனைக் கணக்குல எடுக்கக் கூடாதுன்னு இருக்கு. ரூசெல் முடிவை மாத்த அட்டர்னி ஜெனரலுக்கு அதிகாரம் உண்டு, ஆனா எழுத்துல கொடுத்து கெஜட்ல போடணும். மாத்துறதா வேணாமாங்கிறது அவங்க தனியா எடுக்க வேண்டிய முடிவு, பிரதமரே ஆனாலும் தள்ளக் கூடாது. 2019 ஆகஸ்ட்ல நெறிமுறை ஆணையர் மாரியோ டியோன், ட்ரூடோ நலமுரண் சட்டத்தோட 9வது பிரிவை மீறினார்னு அறிக்கை கொடுத்தது இதுக்குத்தான்.

ஆனா ரெகார்டிங் விஷயத்துல நான் மாலைநேரம் பக்கம். ஒரு வக்கீல் தன் கட்சிக்காரரை, அதாவது கிளையண்டை, சொல்லாம பதியக் கூடாது. வெர்னிக் கட்சிக்காரரா இல்லையான்னு வாதாடலாம், ஆனா அட்டர்னி ஜெனரலுக்குக் கட்சிக்காரரே அரசாங்கம்தான.

பனித்துளி:
ஒரு ஃபோன் காலை வச்சே மூணு வருஷ வேலையை எல்லாரும் மறந்துட்டீங்க, எனக்கு ஆத்திரமே அதுலதான். மருத்துவ உதவியோட சாகுற உரிமைச் சட்டம், 2016 ஜூன். சாவு நெருங்கினவங்களுக்கு மட்டும்னு ஒரு வரி இருந்துச்சு, செனட் அதை எடுத்துட்டுத் திருப்பி அனுப்பினாங்க, அரசாங்கம் மறுபடி சேர்த்துச்சு, இவங்க அதைத்தான் அரசியலமைப்புக்கு ஒத்தது சரியானதுன்னு நின்னு வாதாடினாங்க. 2019 செப்டம்பர்ல கியூபெக் கோர்ட் அந்த வரி செல்லாதுன்னுடுச்சு. நடுவுல மூணு வருஷம், தீராத வலியோட இருந்தும் சாவு பக்கத்துல இல்லங்கிற ஒரே காரணத்துக்காக காத்துக் கிடந்தவங்களை நினைச்சுப் பாருங்க. அப்புறம் கட்டாயக் குறைந்தபட்ச தண்டனை, ஜெயில்ல பூர்வகுடி மக்கள் எவ்வளவு பேர்னு தெரிஞ்ச மனுஷி, தானே வான்கூவர்ல அரசு வக்கீலா இருந்தவங்க, அதை மாத்தலையே! 2016ல பூர்வகுடித் தலைவர்கள் கூட்டத்துலயே போய், ஐநா பூர்வகுடி உரிமைப் பிரகடனத்தை அப்படியே நாட்டுச் சட்டமா ஆக்குறது நடைமுறைக்கு ஒத்து வராதுன்னாங்க.

ஏரிக்கரை:
பிரகடனம் சம்பந்தமா 2017இல அதை நாட்டுச் சட்டத்தோட பொருத்துற எம்பி ரோமியோ சாகனாஷின்ட மசோதாவை ஆதரிக்கிறம் எண்டு அறிவிச்சதும் அவதான். கோல்டென் பூஷி எண்ட பூர்வகுடி இளைஞரைச் சுட்டவர் விடுதலையானது 2018 பிப்ரவரியில, அந்த வழக்கில பூர்வகுடி ஆக்களை ஜூரியில சேராமல் தடுக்கப் பயன்பட்ட, காரணமே சொல்லாமல் ஜூரிகளை நிராகரிக்கிற முறையை நிப்பாட்டுற மசோதாவை அடுத்த மாசமே கொண்டு வந்தவ. தண்டனை விசயத்தில நீங்கள் சொல்லுறது சரி, அதுக்கு என்னட்ட பதில் இல்லை.

இன்னொண்டு. 2019 ஜனவரி 11, பூர்வகுடி மக்களோட அரசு வழக்காடேக்க எப்பிடி நடக்கவேணும் எண்டு அரச வக்கீல்மாருக்கு ஒரு நெறிமுறை வெளியிட்டவ, கோர்ட்டுக்கு இழுக்கிறதை விட்டுப் பேசித் தீருங்கோ எண்டு. மூண்டு நாளில இலாகா போயிட்டுது.

மாலைநேரம்:
சரி, கம்பெனி கேஸ் எப்படி முடிஞ்சது? 9,000 வேலை போயிடும்னு சொல்லித்தான் அவ்வளவு நெருக்கினாங்க. 2019 டிசம்பர்ல கட்டுமானப் பிரிவு மோசடிக் குற்றத்தை ஒத்துக்கிட்டு 28 கோடி டாலர் அபராதம், மத்த குற்றச்சாட்டெல்லாம் வாபஸ். வேலையும் போகல, அரசு டெண்டர் கதவும் மூடல. அப்ப கடைசில அபராதத்தோடதான முடிஞ்சுது? இதுக்கா ரெண்டு நல்ல அமைச்சர்களை இழந்தோம்?

சட்டப்புள்ளி:
அது வேற, இது வேற. நீதிபதி முன்னால குற்றவாளின்னு ஒத்துக்கிட்டது தீர்ப்பா பதிவுல நிக்கும், அந்த ஒப்பந்தத்துல குற்றத் தீர்ப்பே கிடையாது. அதைவிட முக்கியம், யார் முடிவு பண்ணாங்க? வழக்குத்தொடுநர்கள். டிசம்பர்ல பிரதமர் ஆபீஸ் ஒருத்தருக்கும் ஃபோன் போட வேண்டி வரல.

ஏரிக்கரை:
இழந்தது எண்டு சொல்லுறியள், தொகுதிச் சனம் அவவை இழக்கேல்லை. 2019 தேர்தலில கட்சி இல்லாமல் நிண்டு 3,000 வாக்குக்கு மேல ட்ரூடோவின்ட லிபரல் கட்சி ஆளை வெண்டவ. 2021இல அவவா விருப்பப்பட்டுத்தான் நிக்கேல்லை.

பனித்துளி:
அந்த ஜனவரி 11 நெறிமுறையை நான் படிச்சதே இல்ல ஏரிக்கரை அண்ணா, இன்னைக்கு ராத்திரி படிக்கிறேன். அது நீங்க சொல்ற மாதிரியே இருந்தா பூர்வகுடி விஷயத்துல நான் சொன்னதுல பாதியை வாபஸ் வாங்கிக்கிறேன். சாகுற உரிமைச் சட்டத்துல ஒரு எழுத்தும் வாங்க மாட்டேன்.