அப்பா வீடு: வாரிசுச் சான்றிதழ் ஆட்சேபணை, அவசரம்

மேலத்தெரு: வணக்கம். அப்பா தை மாதம் காலமானார். வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போட்டோம். கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வந்த அன்று பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் பள்ளி மாற்றுச் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து "நானும் மகன்தான்" என்று ஆட்சேபணை எழுதிக் கொடுத்துவிட்டான். மனு அப்படியே நிற்கிறது. அவனை எப்படி நீக்குவது? வீட்டை விற்க அட்வான்ஸ் வேறு வாங்கிவிட்டோம். சீக்கிரம் சொல்லுங்கள்.

வைகைக்கரை: எந்த மதம்? உயில் உண்டா? அம்மா இருக்கிறாரா? வீடு யார் வாங்கியது? இவ்வளவையும் விட்டுவிட்டுச் சீக்கிரம் சொல்லுங்கள் என்றால் எப்படி?

செம்மண்: டிஎன்ஏ சோதனை கேளுங்கள். ஒரே நாளில் சாயம் வெளுத்துவிடும்.

வைகைக்கரை: யாரிடம் ரத்தம் எடுப்பது? அப்பாவைத் தகனம் செய்திருப்பார்கள்.

செம்மண்: உடன்பிறப்பை வைத்தும் பார்க்கலாம் ஐயா.

சட்டச்சுவடி: இதே கேள்விக்கு மாதம் இரண்டு முறை எழுதுகிறேன், பழைய இழைகளைத் தேடிப் பார்க்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. தாசில்தார் தருவது உறவு முறைக்கான சான்று மட்டும். பங்கையும் உரிமையையும் அவர் தீர்மானிக்க முடியாது. தகராறு வந்தால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவார். முதலில் வைகைக்கரை கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

மேலத்தெரு: இந்து. உயில் இல்லை. அம்மா இருக்கிறார். வீடு அப்பா 1994-இல் தன் சம்பளத்தில் வாங்கியது. அந்தப் பையனின் அம்மாவுக்கு அப்பா கோயிலில் வைத்துத் தாலி கட்டியதாக ஊரில் பேச்சு. எங்கள் அம்மாவோடு விவாகரத்து இல்லை. எனவே அது கல்யாணமே இல்லைதானே? மனுவில் அம்மா பெயரும் என் பெயரும்தான் இருக்கின்றன. தங்கைக்கு 2003-இல் 30 பவுன் போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று, அதனால் சேர்க்கவில்லை.

நெல்லைச்சீமை: தங்கையைச் சேர்த்தே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணமான பெண்களுக்குத்தான் பங்கு கிடையாது.

வைகைக்கரை: அது பழைய கதை. 2005-இல் மகளுக்கும் பங்கு என்று மத்தியச் சட்டமே திருத்தப்பட்டுவிட்டது. 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் எடுத்துவிட்டது.

நெல்லைச்சீமை: 1989-க்கு முன்பே பாகம் பிரித்துப் பத்திரம் பதிவு செய்திருந்தால்? எங்கள் சித்தப்பா வீட்டில்

வைகைக்கரை: அதை இங்கே யார் கேட்டது?

நெல்லைச்சீமை: தேதி முக்கியம் என்று சொல்ல வந்தேன். சொல்லக்கூடாதா?

சட்டச்சுவடி: இருவரும் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் சண்டை போடுவது பூர்வீகச் சொத்துக்கு. இது அப்பாவின் சுயசம்பாத்தியம். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவிலேயே மகளுக்கு மகனோடு சமபங்கு உண்டு. 30 பவுனைப் பங்கில் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. மேலத்தெரு, ஒருவனை நீக்க வழி கேட்க வந்தீர்கள், அதற்கு முன்பே சொந்தத் தங்கையை நீக்கியிருக்கிறீர்கள். மனுவில் உள்ள குறையை முதலில் திருத்துங்கள்.

பையன் விஷயம்: முதல் மனைவி இருக்க, விவாகரத்தும் இல்லாமல் செய்த திருமணம் செல்லாது. அந்த அம்மாள் வாரிசு ஆக மாட்டார். ஆனால் பிள்ளை அப்படியில்லை. இந்துத் திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு அவனைச் சட்டப்படியான பிள்ளையாகவே வைக்கிறது. பெற்றோரின் சொத்தில் பங்கும் தருகிறது. 2023-இல் ரேவணசித்தப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது.

செம்மண்: தாலி கட்டியதற்கு ஆதாரம் வேண்டாமா? வெறும் மாற்றுச் சான்றிதழ் போதுமா?

சட்டச்சுவடி: அந்தச் சான்றிதழோடு மட்டும் வழக்கு முடியாது. திருமணம் நடந்ததா என்பதை நீதிமன்றத்தில் அவன்தான் காட்ட வேண்டும். நீண்ட நாள் சேர்ந்து வாழ்ந்ததும் அங்கே கணக்கில் வரும்.

கருப்பட்டி: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மேலத்தெரு, உங்கள் ரேஷன் அட்டையில் யார் யார் பெயர் இருக்கிறது?

மேலத்தெரு: நான், மனைவி, அம்மா, பாட்டி. ஏன்?

கருப்பட்டி: எந்தப் பாட்டி?

மேலத்தெரு: அப்பாவின் அம்மா. 86 வயது. எழுந்து நடக்க முடியாது, திண்ணையிலேயே படுக்கை. கைநாட்டுத்தான். அவருக்கு எதற்கு வீடு?

சட்டச்சுவடி: அடக் கடவுளே.

கருப்பட்டி: இதற்காகத்தான் கேட்டேன். எங்கள் வீட்டிலும் இதே பாட்டியை மறந்துபோய் ஒன்பது வருடம் கோர்ட்டுக்கு நடந்தோம். இறந்தவரின் தாய் முதல் வகுப்பு வாரிசு, அதாவது மனைவி மக்களோடு சேர்ந்தே பங்கு பெறுபவர். தகப்பன் இருந்திருந்தால் அவர் இரண்டாம் வகுப்புக்குப் போய்விடுவார், தாய் போக மாட்டார். அந்தப் பையனும் மகன்தான் என்று நிலைத்தால் அம்மா, நீங்கள், தங்கை, பாட்டி, அவன் என்று ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. பாட்டி கையெழுத்து இல்லாமல் முழு வீட்டையும் நீங்கள் விற்க முடியாது. அவருக்கு மனம் இருந்தால் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து தரலாம். கைநாட்டாக இருந்தாலும் செல்லும். ஆனால் படித்துக் காட்டி, புரிந்துகொண்டு வைக்க வேண்டும்.

நெல்லைச்சீமை: பாட்டி பங்கு யாருக்குப் போகும் என்பதும் தேதியைப் பொறுத்ததுதான்.

வைகைக்கரை: மறுபடியும் தேதியா.

மேலத்தெரு: எல்லோருக்கும் நன்றி. தங்கை பெயரையும் பாட்டி பெயரையும் சேர்த்துப் புது மனுக் கொடுத்துவிட்டேன். வக்கீல் பார்ப்பதற்கு முன் பாட்டியிடம் அந்தப் பையனைப் பற்றிக் கேட்டேன். வெற்றிலை இடிப்பதை நிறுத்தாமலே, "போன வருடம் வாசலில் வந்து நின்றான். உன் அப்பன் காது அவனுக்கு" என்றார். அவ்வளவுதான். அட்வான்ஸ் கொடுத்தவரிடம் இரண்டு மாதம் தவணை கேட்டிருக்கிறேன்.

கருப்பட்டி: உங்களுக்கு அத்தைமார் உண்டா? விடுதலைப் பத்திரம் எழுதாமலே பாட்டி போய்விட்டால் அவருடைய பங்கில் அத்தைகளும் வருவார்கள். எத்தனை பேர்?

கருப்பட்டி: மேலத்தெரு?