புங்க எண்ணெய் கலந்தேன், இன்ஜின் கரும்புகை கக்குகிறது

வாடிப்பட்டிக்காரன்:
கிணற்றில் 5 குதிரைத்திறன் ஆயில் இன்ஜின் ஓடுகிறது, அப்பா காலத்துச் சாமான். கரண்டு இணைப்புக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். வரப்பில் நாலு புங்கமரம் நிற்கிறது. கொட்டையைப் பொறுக்கிச் செக்கில் ஆட்டி, மூன்று பங்கு டீசலுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்று ஊற்றினேன். முதல் பத்து நாள் ஜம்மென்று ஓடியது. இப்போது காலையில் கை வலிக்கச் சுற்றினாலும் பிடிப்பதில்லை, பிடித்தால் கரும்புகை. "இன்ஜின் ஓட்டுறியா, விளக்கு எரிக்கிறியா?" என்கிறார் பக்கத்துத் தோட்டத்து மாமா. பயோடீசல் என்றால் புகை குறையும் என்றுதானே சொன்னார்கள்?

திருமங்கலம் மெக்கானிக்:
டீசலைத் தூவும் நாசிலைக் கழற்றிப் பாருங்கண்ணே, முனையில் கரி கட்டியிருக்கும். பச்சைப் புங்க எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்கு மேல் கெட்டி. பனி மாதிரி தூவ வேண்டியது சொட்டாக விழுந்து, பாதி எரிந்தும் எரியாமலும் கரியாகிறது. எரியாதது பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே இன்ஜின் ஆயிலில் இறங்கும். இன்ஜின் ஆயிலையும் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுத்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

வேதியியல் டீச்சர்:
நீங்கள் ஊற்றியது பயோடீசலே இல்லை, தம்பி. எண்ணெயை மெத்தனாலோடும் காரத்தோடும் சேர்த்து 60 டிகிரி வாக்கில் கலக்கினால் கிளிசரின் அடியில் தங்கும். மேலே நிற்கும் எஸ்டரைக் கழுவி, ஈரம் போக்கி எடுப்பதுதான் பயோடீசல். புங்க எண்ணெயில் புளிப்பு, அதாவது கட்டற்ற கொழுப்பமிலம், அதிகம் இருக்கும். 2 சதவீதத்தைத் தாண்டினால் முதலில் கந்தக அமிலம் போட்டு அதைக் குறைக்க வேண்டும். அதைச் செய்யாமல் எங்கள் ஆய்வகத்தில் ஒருமுறை ஒரு குடுவை முழுக்கச் சோப்பாகிவிட்டது! மெத்தனால் விஷம், ஆவியே தீப்பிடிக்கும். வீட்டில் முயலவே வேண்டாம்.

முறையாகச் செய்ததை 20 சதவீதம் கலந்தால் கரும்புகையும் கார்பன் மோனாக்சைடும் குறையும். எஸ்டரின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன், அது எரிய உதவுகிறது. ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு பெரும்பாலும் கொஞ்சம் கூடும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, கண்ணுக்குத் தெரியாதே. எரிபொருள் செலவும் துளி கூடும், கிலோவுக்குக் கிலோ எஸ்டர் தரும் வெப்பம் டீசலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவு.

திருமங்கலம் மெக்கானிக்:
இன்னொன்று. நல்ல பயோடீசலும் பழைய டேங்க் கசடைக் கரைத்துக்கொண்டு வந்து பில்டரை அடைக்கும். பழைய ரப்பர் ஓஸ் ஊதிப்போகும்.

வாடிப்பட்டிக்காரன்:
கழற்றினேன். நாசில் முனையில் மிளகு அளவுக்குக் கரி. ஆயில் பாகு மாதிரி இழுக்கிறது, மாற்றியாயிற்று. இனி வெறும் டீசல்தான். டீச்சர், ஒரு சந்தேகம்: அந்தச் சோப்பு துணிக்கு நுரைத்ததா? வீட்டில் இன்னும் பத்து லிட்டர் எண்ணெய் கிடக்கிறது.