உப்புக்கு மரபணு உண்டா? மரபணு மாற்றிய உணவைச் சாப்பிடலாமா, கூடாதா?

கணக்குப்பிள்ளை:
உப்புப் பொட்டலம் ஒன்றில் 'மரபணு மாற்றம் செய்யப்படாதது' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்தேன். உப்பு ஒரு கனிமம், அதற்கு மரபணுவே கிடையாது. இல்லாததை மாற்றவில்லை என்று சொல்லி விற்கும் அளவுக்குப் பயம் முற்றிவிட்டது.

இந்தப் பயத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்கத்தான் இந்த இழை. மரபணு மாற்றிய தக்காளி 1994ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1996லிருந்து சோயாவும் மக்காச்சோளமும் பெரும் பரப்பில் விளைகின்றன. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2016ல் ஓர் அறிக்கை வெளியிட்டன. 900க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசியதோடு, இந்த உணவை அதிகம் உண்ணும் அமெரிக்கா, கனடாவின் நோய்க் கணக்கையும், மிகக் குறைவாக உண்ணும் மேற்கு ஐரோப்பாவின் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். புற்றுநோய், சிறுநீரக நோய், உடல் பருமன், ஒவ்வாமை என எதிலும் இந்த உணவைக் குற்றம் சொல்லும்படி ஒன்றும் அகப்படவில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

வேப்பம்பூ:
உப்புக்கு நானும் சிரித்தேன், சரி. ஆனால் எனக்கு வேண்டியது சராசரிக் கணக்கு இல்லை. என் மகளுக்குக் கொட்டை வகைகள் ஆகாது. சின்னத் துண்டு போதும், உதடு வீங்கி மூச்சு முட்டும். எந்தப் பொட்டலத்தையும் பின்பக்கம் திருப்பிப் படிக்காமல் நான் வாங்கியதில்லை.

1990களில் ஒரு விதை நிறுவனம், தீவனத்தின் சத்தைக் கூட்டுவதற்காகப் பிரேசில் கொட்டையின் மரபணு ஒன்றைச் சோயாவில் சேர்த்தது. பிறகு அந்தக் கொட்டை ஒவ்வாத ஒன்பது பேரின் இரத்த நீரை வைத்துச் சோதித்தார்கள். எட்டுப் பேருடையது அந்தச் சோயாவோடு வினைபுரிந்தது. 1996ல் வெளியான ஆய்வு இது. அந்தச் சோயா உணவுக்குள் வந்திருந்தால், 'சோயாதானே' என்று நானே என் கையால் ஊட்டியிருப்பேன்.

கணக்குப்பிள்ளை:
அக்கா, நீங்கள் சொன்ன கதை என் கட்சிக்குச் சாட்சி! சோதித்தார்கள், கண்டுபிடித்தார்கள், கைவிட்டார்கள். அந்தச் சோயா விற்பனைக்கே வரவில்லை. சாதாரணக் கலப்பு முறையில் உருவாகும் ரகத்துக்குப் பொதுவாக இந்தச் சோதனை எதுவும் கிடையாது, தெரியுமா? லெனாப்பே என்று ஓர் உருளைக்கிழங்கு ரகம். மரபணு மாற்றம் எதுவும் இல்லை, இரண்டு செடிகளைக் கலந்து உண்டாக்கியது. 1967ல் வெளியிட்டார்கள். அதில் இயற்கையான நச்சு அளவுக்கு மீறி இருந்ததால் 1970ல் திரும்பப் பெற்றார்கள். ஆபத்து எந்த முறையிலும் வரலாம்.

வேப்பம்பூ:
தம்பி, கண்டுபிடித்தது எப்படி என்று யோசியுங்கள். பிரேசில் கொட்டை சிலருக்கு ஆகாது என்று முன்பே தெரியும். அவர்களுடைய இரத்தம் கைவசம் இருந்தது. மனிதன் இதுவரை தின்றே இராத ஒரு நுண்ணுயிரிலிருந்து மரபணுவை எடுத்தால் யாருடைய இரத்தத்தை வைத்துச் சோதிப்பீர்கள்?

கணக்குப்பிள்ளை:
நல்ல கேள்வி. அப்போது நேரடிச் சோதனை இல்லை, சுற்றி வளைத்துத்தான் பார்க்கிறார்கள். புதிய புரதத்தின் அமைப்பை ஏற்கெனவே தெரிந்த ஒவ்வாமைப் புரதங்களோடு ஒப்பிடுவார்கள். இரைப்பை நீரில் அது சீக்கிரம் சிதைகிறதா என்று பார்ப்பார்கள். சிதையாமல் நின்றால் சந்தேகம்.

வேப்பம்பூ:
சந்தேகம் வந்த பிறகு என்ன நடந்தது என்பதையும் நீங்களே சொல்லுங்கள். ஸ்டார்லிங்க் என்ற மரபணு மாற்றிய மக்காச்சோளம்.

சுண்டெலி:
பாப்கார்னைக் கொண்டு வாருங்கள். (மன்னிக்கவும், அதுவும் மக்காச்சோளம்தான்.)

கணக்குப்பிள்ளை:
மறைக்க ஒன்றும் இல்லை. ஸ்டார்லிங்கில் இருந்த புரதம் எளிதில் செரிக்காததாகத் தெரிந்தது. அதனால் 1998ல் கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள். 2000ல் அது டாக்கோ என்ற மெக்சிகோ உணவுக்கான, மனிதர் உண்ணும் மக்காச்சோள ஓடுகளில் கிடைத்தது. ஏராளமான பொருள்களைத் திரும்பப் பெற்றார்கள். உடம்புக்கு ஆகவில்லை என்று சொன்னவர்களில் 28 பேரைப் பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆராய்ந்தது. அந்தப் புரதத்தால்தான் வந்தது என்பதற்கு ஒருவரிடமும் ஆதாரம் கிடைக்கவில்லை.

வேப்பம்பூ:
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது நம் அதிர்ஷ்டம். ஆனால் 'இது மாட்டுக்கு, இது மனிதனுக்கு' என்று காகிதத்தில் போட்ட கோட்டை லாரியும் கிடங்கும் அரைவை ஆலையும் மதிக்கவில்லை. ஆய்வகத்தை நம்புகிறேன், தம்பி. கிடங்கை நம்பவில்லை.

ஒருசந்தேகம்:
நான் ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது. பி.டி. பயிரைத் தின்றால் புழு சாகிறது. அதையே நாம் தின்றால்?

கணக்குப்பிள்ளை:
நாய்க்குச் சாக்லேட் நஞ்சு, நமக்கு இல்லை. அது மாதிரிதான். பி.டி. என்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. அதன் மரபணுவைச் சேர்த்த பயிர்தான் பி.டி. பயிர். அந்தப் பாக்டீரியாவின் புரதம் வேலை செய்ய, புழுவின் குடலில் இருக்கும் காரத்தன்மை வேண்டும். அப்புறம் குடல் சுவரில் அது ஒட்டிக்கொள்ள அதற்கேற்ற ஏற்பி வேண்டும். நம் இரைப்பையில் இருப்பது அமிலம், நம் குடலில் அந்த ஏற்பியும் கிடையாது. இதே பாக்டீரியாவை இயற்கை விவசாயிகள் பல பத்தாண்டுகளாகப் பயிர்மேல் தெளிக்கிறார்கள். அதை யாரும் குறை சொல்வதில்லை.

மண்வெட்டி:
தெளிப்பதும் செடிக்குள் வைப்பதும் ஒன்றா? தெளித்தது வெயிலில் சிதையும், மழையில் போகும், மிச்சத்தைக் கழுவிக்கொள்ளலாம். செடியே தயாரித்தால் கழுவ முடியாது. இதனால் மனிதன் சாவான் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒன்று என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

நெருப்புக்கோழி:
எல்லாரும் நாகரிகமாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். உடம்பெல்லாம் கட்டியோடு இருந்த எலிகளின் படத்தை யாரும் பார்க்கவில்லையா? பிரான்சில் மரபணு மாற்றிய மக்காச்சோளம் கொடுத்து வளர்த்தவை. அந்த ஆய்வை அமுக்கிவிட்டார்கள்!

சுண்டெலி:
எங்கள் இனத்தைப் பற்றிய பேச்சு என்பதால் நானே பதில் சொல்கிறேன். 2012ல் பிரெஞ்சு ஆய்வாளர் செராலினியின் குழு வெளியிட்டது. 200 எலிகள். மொத்தமாகக் கேட்டால் நிறையத்தான். பிரித்துப் பார்த்தால் ஒரு பிரிவுக்குப் பத்து. எடுத்துக்கொண்டது ஸ்ப்ராக் டாலி என்ற வகை. இந்த வகை எலிகள் இரண்டு ஆண்டு உயிரோடு இருந்தால், எதைத் தின்றாலும் தின்னாவிட்டாலும், பலவற்றுக்குக் கட்டி வரும். பத்துப் பத்தாகப் பிரித்தால் எது சோளத்தால் வந்தது, எது வயதால் வந்தது என்று எப்படிச் சொல்வது? 2013ல் கட்டுரையை வெளியிட்ட இதழே அதை நீக்கியது. அடுத்த ஆண்டு வேறோர் இதழில் மறுபடி வந்தது, ஆகவே அமுக்கியதாகவும் சொல்ல முடியாது. பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் அதே சோளத்தை எலிகளுக்கு இரண்டு ஆண்டு கொடுத்துப் பார்த்தார்கள். சோளத்தால் தீங்கு எதுவும் தெரியவில்லை.

நெருப்புக்கோழி:
அதைச் செய்தவர்களுக்கும் யாராவது பணம் கொடுத்திருப்பார்கள்.

வேப்பம்பூ:
நெருப்புக்கோழி, நானும் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் எந்த முடிவு வந்தாலும் 'பணம்' என்றால், அப்புறம் ஆய்வு கேட்பதிலேயே அர்த்தம் இல்லை. அந்த எலிப் படத்தை விட்டுவிடுங்கள். அதைக் காட்டித்தான் நம்மை எல்லாம் முட்டாள்கள் என்று ஒதுக்குகிறார்கள்.

மண்வெட்டி:
தட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், வயலுக்கு வாருங்கள். விற்கப்படும் மரபணு மாற்றப் பயிர்களில் பெரும்பங்கு களைக்கொல்லியைத் தாங்குவதற்காக உருவாக்கியவை. கிளைபோசேட் தெளித்தால் களை சாகும், பயிர் நிற்கும். முதலில் வேலை மிச்சமானது உண்மை. ஆண்டுக்கு ஆண்டு அதே மருந்து. 2000களின் நடுவிலேயே அமெரிக்கப் பருத்தி வயல்களில் ஒருவகை முள்ளில்லாக் கீரைக்களை அந்த மருந்துக்கு அசையாமல் நின்றது. அதற்கு விடை என்ன? டைகாம்பா என்ற பழைய மருந்தையும் தாங்கும் பயிர். அந்த மருந்து காற்றில் பரவிப் பக்கத்து வயலைக் கருக்கியது. வழக்கு, சண்டை.

கிளைபோசேட்டைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015ல் 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்' என்றது. அதே ஆண்டு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 'அப்படி இருக்க வாய்ப்பில்லை' என்றது. நான் யாரை நம்ப?

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் ஒரே ஆய்வுகளைப் பார்க்கவில்லை, அண்ணே. முகமை வெளியான ஆய்வுகளை எடுத்துக்கொண்டு, கிளைபோசேட் கலந்து விற்கும் மருந்துகளையும் சேர்த்துப் பார்த்தது. ஆணையம் நிறுவனங்கள் கொடுத்த ஆய்வுகளையும் எடுத்துக்கொண்டு, கிளைபோசேட்டை மட்டும் பார்த்தது. ஆனால் களை விஷயத்தில் உங்களோடு வாதாட மாட்டேன், அது நடந்த கதை. நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: அது களைக்கொல்லியின் கதை. ஹவாய்ப் பப்பாளிக்கும் அதற்கும் என்ன தொடர்பு? வளையப்புள்ளி வைரஸ் 1990களில் அந்தத் தீவின் பப்பாளியை அழித்துக்கொண்டிருந்தது. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வைரஸின் மேலுறை மரபணுவையே பப்பாளிக்குள் வைத்தார்கள். 1998ல் விதை விவசாயிகள் கைக்குப் போனது. நோய் கண்ட பழைய பப்பாளியைத் தின்றவர்கள் இதைவிட அதிகமாக அந்த வைரஸ் புரதத்தை விழுங்கியிருக்கிறார்கள். மருந்தும் இல்லை, களையும் இல்லை.

மண்வெட்டி:
பப்பாளியை ஒத்துக்கொள்கிறேன். எப்போது பேச்சு வந்தாலும் பப்பாளியைக் காட்டுகிறார்கள், விற்பதென்னவோ களைக்கொல்லிச் சோயா.

வேப்பம்பூ:
அப்படியானால் பொட்டலத்தில் எழுதிவிட்டுப் போகலாமே. எழுதுவதற்கு ஏன் இத்தனை எதிர்ப்பு?

கணக்குப்பிள்ளை:
எழுதட்டும். ஆனால் எதை எழுதுவது? ஐரோப்பிய ஒன்றியத்தில் மரபணு மாற்றிய பயிரின் எண்ணெய்க்கும் எழுத வேண்டும், மரபணு துளியும் மிஞ்சாவிட்டாலும். அமெரிக்காவில் 2022ல் கட்டாயமானபோது, நன்கு சுத்திகரித்ததில் மரபணு தென்படாவிட்டால் வேண்டாம் என்றார்கள். பாலாடைக்கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பாலை உறைய வைக்கும் கைமோசின் முன்பு கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து வந்தது. 1990லிருந்து மரபணு மாற்றிய நுண்ணுயிரும் அதைத் தயாரிக்கிறது. இதை எதிர்ப்பவர்களும் ரசித்துச் சாப்பிடுகிறார்கள். அதற்கும் எழுதுவோமா?

வேப்பம்பூ:
'மரபணு மாற்றியது' என்ற ஒற்றைச் சொல் எனக்கு எதற்கும் உதவாது. உங்கள் உப்புப் பொட்டலம் மாதிரிதான் அதுவும். எந்த உயிரின் மரபணு, அது எந்தப் புரதத்தை உண்டாக்குகிறது, இந்த இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். பிரேசில் கொட்டை என்று இருந்தால் கீழே வைத்துவிடுவேன். பப்பாளி வைரஸ் என்று இருந்தால் கூடையில் போட்டுக்கொள்வேன்.

கணக்குப்பிள்ளை:
இதற்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன், அக்கா. இழையைத் தொடங்கும்போது இப்படிச் சொல்வேன் என்று நினைக்கவில்லை.

மண்வெட்டி:
எழுதுவதென்று ஆன பிறகு, அது எந்தக் களைக்கொல்லியைத் தாங்கும் என்பதையும் மூன்றாவது வரியாகப் போடச் சொல்லுங்கள்.

சுண்டெலி:
உப்புப் பொட்டலத்தில் அந்த மூன்று வரியும் காலியாக இருக்கும்.