8 கிலோ தாங்கும் டிரைபாடில் 4.7 கிலோ லென்ஸ் ஏன் ஆடுகிறது?

உள்ளான் (சனி, இரவு 9.10)

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் ஒருவரிடமிருந்து பழைய நிக்கான் 500 மி.மீ. எஃப்/4 ஜி லென்ஸ் வாங்கினேன். 2007இல் வந்த மாடல். லென்ஸ் மட்டும் 3880 கிராம், டி500 கேமராவையும் சேர்த்தால் ஏறக்குறைய 4.7 கிலோ. என்னிடம் இருப்பது ஆறு வருடத்துக்கு முன் கல்யாண வேலைக்கு வாங்கிய நாலடுக்கு அலுமினிய டிரைபாட், மேலே ஒரு பால் ஹெட் (உருண்டை மேல் திரும்பும் தலை). பெட்டியில் '8 கிலோ தாங்கும்' என்று போட்டிருக்கிறது. மூன்று கிலோவுக்கு மேல் மிச்சம் இருக்கிறதே என்ற தைரியத்தில் பறவை எடுக்க வேடந்தாங்கல் போனேன்.

காலை ஏழு மணி, ஏரிக்கரை. தூங்கிக்கொண்டிருந்த ஒரு கரண்டிவாயன், இம்மி அசையவில்லை. ஷட்டர் வேகம் 1/125 நொடி, ஐஎஸ்ஓ 1600. இருபது படம் எடுத்ததில் பதினாறு வீண். ஃபோகஸ் தப்பிய மங்கல் இல்லை, இறகின் கோடெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. போதாக்குறைக்கு, குறிவைத்து ஹெட்டை இறுக்கிவிட்டுக் கையை எடுத்தால் லென்ஸ் மெதுவாக மூக்கைத் தொங்கப்போடுகிறது.

கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. டிரைபாட் காலை மாற்றுவதா, மேலே இருக்கும் தலையை (ஹெட்டை) மாற்றுவதா?

கூழைக்கடா (சனி, இரவு 9.48)

காலைத்தான். யோசிக்கவே வேண்டாம்.

அந்த 8 கிலோ, முக்காலி முறியாமல் நிற்கும் எடை. ஆடாமல் நிற்கும் எடை என்று யாரும் சொல்லவில்லை. அதை எப்படி அளப்பது என்பதற்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதியும் கிடையாது, அவரவர் போட்டதுதான் எண். கயிற்றுக்கட்டில் நூறு கிலோ ஆளைத் தாங்கும். அதில் உட்கார்ந்துகொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள்.

உங்கள் கேமராவில் ஒரு பிக்சல் சுமார் 4.2 மைக்ரான். 500 மி.மீ.க்குக் கணக்குப் போட்டால், கேமராவிலிருந்து 30 செ.மீ. தள்ளியிருக்கும் லென்ஸின் முன்பக்கம் 2.5 மைக்ரான் நகர்ந்தாலே படம் ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். தலைமுடியின் தடிமன் அதைப்போல் இருபது முப்பது மடங்கு! இப்போது உங்கள் டிரைபாடின் கடைசி அடுக்கைப் பாருங்கள், சுண்டுவிரல் தடிமன் இருக்குமா?

சுவர்த் தடிப்பு ஒன்றாகவே இருந்தாலும், குழாயின் விட்டம் 25 மி.மீ.யிலிருந்து 33 ஆனால் வளையாத தன்மை 2.3 மடங்காகும். ஆகவே 32, 33 மி.மீ. மேல்குழாய், மூன்றடுக்கு, கார்பன், நடுத்தண்டு இல்லாதது. மொத்தப் பணத்தையும் அதில் போடுங்கள். ஹெட் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

கரிச்சான் (சனி, இரவு 10.20)

அடுத்த வருடம் வரை அந்த லென்ஸ் முழுசாக இருக்க வேண்டுமே கூழைக்கடா சார்.

உள்ளான், உங்கள் பதிவில் எனக்குப் பயமாக இருப்பது அந்த மூக்குத் தொங்கல்தான். பால் ஹெட்டில் லென்ஸ் ஓர் உருண்டைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் நாலு கிலோவும் ஒரு பக்கமாகச் சாயும். எனக்கு நடந்தது: கூந்தன்குளத்தில் பறந்துகொண்டிருந்த நாரையைத் தொடர்வதற்காக பால் ஹெட்டைப் பாதி தளர்த்தி வைத்திருந்தேன். தண்ணீர் பாட்டில் எடுக்க ஒரு கையை விட்டேன், அவ்வளவுதான். லென்ஸ் தலைகுப்புற விழுந்து ஹெட்டில் மோதியது, நடுவில் என் கட்டைவிரல். லென்ஸ் தப்பியது விரலின் புண்ணியத்தில். நகம் முளைக்க நாலு மாதம் ஆயிற்று.

கிம்பல் ஹெட்டில் இந்தச் சங்கதியே இல்லை. லென்ஸின் எடை மையமும் அது சுழலும் அச்சும் ஒரே கோட்டில் இருக்கும். காலரை (லென்ஸைச் சுற்றிப் பிடிக்கும் வளையம்) அடியில் இருக்கும் பிளேட்டில் முன்னும் பின்னும் தள்ளிச் சமன் பிடிக்க வேண்டும், அப்புறம் தட்டின் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். இரண்டும் அமைந்துவிட்டால் எந்தப் பக்கம் திருப்பிவிட்டுக் கையை எடுத்தாலும் அங்கேயே நிற்கும், எதையும் இறுக்கவே தேவையில்லை. தலையை முதலில் மாற்றுங்கள்.

மரகதப்புறா (ஞாயிறு, காலை 6.35)

தலையும் வேண்டாம் காலும் வேண்டாம் என்று ஒரு கட்சி இருக்கிறது, அதற்கு நான் வருகிறேன்.

கணக்குப் போடுவோமா? லென்ஸும் கேமராவும் 4.7 கிலோ. கரிச்சான் சொல்லும் கிம்பல், விம்பர்லி கம்பெனியுடையது போல முழு அளவானது என்றால் 1.4 கிலோ. கூழைக்கடா சாரின் கார்பன் கால் 2 கிலோ. மொத்தம் 8 கிலோவைத் தாண்டுகிறது. வால்பாறையில் இருவாச்சியைத் தேடி இதைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பாருங்கள், பறவை தெரிவதற்குள் நாக்கு தள்ளிவிடும். பழவேற்காட்டில் படகிலிருந்து பூநாரை எடுக்கப் போனால் டிரைபாட் நமக்கே எதிரி. எஞ்சின் நடுக்கம் பலகை வழியாக நேரே காலில் ஏறும். நம் உடம்பாவது அதில் பாதியை வாங்கிக்கொள்ளும்.

இதே நிக்கானில் 500 எஃப்/5.6 பிஎஃப் 1460 கிராம்தான். டி500இல் அப்படியே மாட்டும். ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம் போகும், போகட்டும். மூன்று வருடமாகக் கையிலேயே பிடித்து எடுக்கிறேன், விஆர் (லென்ஸுக்குள் இருக்கும் ஆட்டம் தணிக்கும் வசதி) பார்த்துக்கொள்கிறது. முதுமலைக்குப் போனால் ஒரு பீன் பேக். காலிப் பையாகக் கொண்டுபோய், மசினகுடி மளிகைக் கடையில் மூன்று கிலோ பச்சரிசி வாங்கி நிரப்பி, வேன் ஜன்னலில் வைத்துக்கொள்வேன். டிரைவரிடம் எஞ்சினை மட்டும் நிறுத்தச் சொல்ல வேண்டும். திரும்பி வந்ததும் அந்த அரிசி பொங்கலாகிவிடும். எந்த கார்பன் கால் பொங்கல் போடும்?

கூழைக்கடா (ஞாயிறு, காலை 8.02)

பொங்கல் நன்றாக இருக்கட்டும் மேடம். கேள்வி கேட்டவரிடம் எஃப்/4 லென்ஸ் ஏற்கெனவே இருக்கிறது. 'விற்றுவிட்டு வேறு வாங்கு' என்பது பதிலா? அந்த ஒரு ஸ்டாப்புக்காகத்தான் மனிதர் நாலு கிலோவைச் சுமக்கிறார்.

விஆர் கையின் ஆட்டத்தைத் தணிக்கும், ஒப்புக்கொள்கிறேன். காலை ஆறே முக்காலுக்கு 1/60இல் உங்கள் பிஎஃப் லென்ஸில் பத்துக்கு எத்தனை தேறும்? உண்மையைச் சொல்லுங்கள்.

மரகதப்புறா (ஞாயிறு, காலை 8.30)

நாலு, நல்ல நாளில் ஐந்து. உண்மையைத்தான் சொல்கிறேன். ஆனால் நீங்கள் முக்காலியை விரித்து, கரைச் சரிவில் மூன்று காலையும் மட்டம் பார்த்து நிமிர்வதற்குள் நான் அந்தப் பத்தையும் எடுத்து முடித்திருப்பேன். நாலு தேறினால் எனக்கு லாபம்.

சங்கிலி (ஞாயிறு, பகல் 11.15)

நான் படம் எடுப்பவன் இல்லை, சர்வே வேலை. பையனுக்குப் பறவைப் பைத்தியம், அவனுக்காக இங்கே எட்டிப் பார்ப்பேன். எங்கள் தொழிலில் நாள் முழுவதும் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளக்கும் கருவியை முக்காலியில் நிறுத்துகிறோம் என்பதால் ஒரு வார்த்தை.

சர்வே டிரைபாட் தடியான காலும் கூரான இரும்பு முனையுமாக வரும், முனையை மிதித்து மண்ணில் இறக்கலாம். மரக்கால் என்றால் அதிர்வு சட்டென்று அடங்கும். பிரச்சினை இரண்டு. ஐந்தாறு கிலோ கனக்கும். மேலே இருக்கும் திருகு 5/8 அங்குலம், உங்கள் ஹெட்டுக்கு வேண்டியது 3/8. பையனுக்காக லேத் பட்டறையில் பித்தளையில் ஒரு அடாப்டர் கடைந்து வாங்கினேன். மூன்று வருடமாக ஓடுகிறது.

இன்னொன்று, நிற்கும் இடத்தைப் பாருங்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ரேடியல் ரோட்டு ஓரத்தில் நின்று எடுக்கிறார்கள். லாரி போனால் அங்கே தரையே அதிரும். பாலத்தின் மேல் நின்றால் கேட்கவே வேண்டாம். எவ்வளவு கொடுத்து வாங்கிய முக்காலியும் அங்கே ஒன்றும் செய்யாது. லாரி இல்லாத இடைவெளியில் எடுங்கள் என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன்.

கரிச்சான் (ஞாயிறு, மாலை 5.40)

சங்கிலி அண்ணே, அருமை. வெயில் ஏறினால் கானல் இருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதினொரு மணிக்கு அரை கிலோமீட்டர் தள்ளி நிற்கும் பூநாரையை எடுத்துவிட்டு டிரைபாடைத் திட்டுகிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கூழைக்கடா சார், உங்கள் மைக்ரான் கணக்கில் தப்பில்லை. ஆனால் பெரும்பாலோர் எடுப்பது பறக்கும் பறவை, 1/2000, 1/2500. அந்த வேகத்தில் கால் கொஞ்சம் நடுங்கினாலும் படத்தில் தெரியாது. அங்கே முக்காலியின் வேலை எடையைச் சுமப்பதும் லென்ஸை வெண்ணெய் போலத் திரும்பவிடுவதும்தான், அது கிம்பலால் நடக்கும். 33 மி.மீ. கால் தூங்கும் கரண்டிவாயனுக்கு மட்டும்தான் தேவை.

கூழைக்கடா (ஞாயிறு, மாலை 6.05)

அவர் எடுத்தது தூங்கும் கரண்டிவாயனைத்தானே!

கரிச்சான் (ஞாயிறு, மாலை 6.11)

சரி, அது உங்கள் பக்கம் ஒரு கோல். அப்படியென்றால் காசு செலவு பண்ணும் முன் ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிக்கட்டும். உள்ளான் தம்பி, லைவ் வியூவை (கேமராத் திரையில் தெரியும் காட்சியை) முழுசாகப் பெரிதாக்கி, தூரத்தில் ஏதாவது எழுத்தைக் குறிவையுங்கள். விஆரை அணைத்துவிடுங்கள். லென்ஸ் ஹூடில் பென்சிலால் ஒரு தட்டு. எழுத்து ஆடி நிற்க எத்தனை நொடி என்று பாருங்கள். அப்புறம் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றித் தட்டுங்கள். விடியற்காலையில் செய்யுங்கள், கானல் இருக்காது.

உள்ளான் (புதன், இரவு 10.30)

செய்துவிட்டேன். எதிர்வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் கம்பெனிப் பெயர்தான் குறி. மூன்று நாள் காலையில் ஐந்தரைக்கு எழுந்து தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்ததில் எதிர்வீட்டம்மா என் அம்மாவிடம் விசாரித்துவிட்டார்.

எல்லா அடுக்கையும் நீட்டி நடுத்தண்டையும் தூக்கினால் (வேடந்தாங்கலில் அப்படித்தான் வைத்திருந்தேன், குனிய வேண்டாமே என்று) எழுத்து அடங்க நாலு நொடிக்கு மேல். நடுத்தண்டை இறக்கினால் இரண்டரை. கடைசி அடுக்கையும் உள்ளே தள்ளிவிட்டால் இரண்டுக்கும் கீழ். உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும், மடக்கு ஸ்டூல் போதும்.

கொக்கியில் பையைத் தொங்கவிட்டும் பார்த்தேன். காற்றில் பை ஆடி, நிலைமை இன்னும் மோசமானது. பையின் அடி தரையைத் தொடும்படி இறக்கிய பிறகுதான் கொஞ்சம் பலன்.

யாரும் சொல்லாத ஒன்று கடைசியில்தான் கண்ணில் பட்டது. லென்ஸ் காலரின் ஃபுட்டில் (அடிப்பாகத்தில்) ஒரு சின்னப் பிளேட், ஒரே திருகு, நடுவில் ரப்பர் தாள். விரலால் ஃபுட்டைப் பிடித்து முறுக்கினால் பிளேட்டுக்கும் ஃபுட்டுக்கும் நடுவில் நெளிகிறது! நண்பரிடமிருந்து ரப்பர் இல்லாத நீளமான உலோகப் பிளேட் வாங்கி, இரண்டு திருகு போட்டு இறுக்கினேன். எழுத்து ஒரு நொடியில் நின்றுவிட்டது.

அதே பழைய கால், அதே பால் ஹெட். மூக்கு மட்டும் இன்னும் தொங்குகிறது.

மரகதப்புறா (புதன், இரவு 10.52)

ஆக, 40,000 ரூபாய்ப் பிரச்சினை ஒரு ரப்பர் தாளில் இருந்திருக்கிறது. என் கட்சி ஜெயிக்கவில்லை என்றாலும் மனசுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது.

கூழைக்கடா (வியாழன், காலை 7.15)

ரப்பர் பிளேட்டை நான் கேட்டிருக்க வேண்டும். தப்பு என்னுடையது, படம் போடச் சொல்லிப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். ஆனால் வீட்டு மாடியில் காற்று இல்லை. ஏரிக்கரையில் காற்றடிக்கும்போது கால் முறுக்கிக்கொள்ளும், அதை பென்சில் தட்டு காட்டாது. அங்கே போய் எடுத்துவிட்டுச் சொல்லுங்கள்.

உள்ளான் (அடுத்த ஞாயிறு, பகல் 1.20)

போய் வந்தேன். கரிச்சான் அண்ணன் தன் பழைய கிம்பலைக் கடனாகக் கொடுத்திருந்தார். தொங்கல் சுத்தமாகப் போய்விட்டது. லென்ஸை ஒரு விரலால் திருப்ப முடிகிறது. காலரின் மேல் இடது கையைப் போட்டு, கண்ணை ஐகப்பில் (கண் வைக்கும் ரப்பர் வளையத்தில்) நன்றாக அழுத்தி எடுக்கச் சொன்னார், அப்படியே செய்தேன். 1/125இல் இருபதுக்கு ஐந்துதான் மங்கல். ஐந்துமே காற்று வீசிய நேரத்தில் எடுத்தவை.

கூழைக்கடா (அடுத்த ஞாயிறு, பகல் 1.31)

அந்த ஐந்து இருக்கிறதே, அதுதான் கால்.

மரகதப்புறா (அடுத்த ஞாயிறு, பகல் 1.40)

அந்த ஐந்துக்காக முப்பதாயிரமா? காற்று நிற்கும் வரை ஒரு டீ குடியுங்கள் தம்பி.

உள்ளான் (அடுத்த ஞாயிறு, பகல் 2.05)

கிம்பல் வாங்கப் போகிறேன், அது முடிவாகிவிட்டது. அப்புறம் சங்கிலி அண்ணே, அந்த 5/8 அடாப்டர் கடைந்து கொடுத்த லேத் பட்டறை எங்கே இருக்கிறது என்று தனிமடலில் சொல்ல முடியுமா? எங்கள் பெரியப்பா வீட்டுப் பரணில் ஒரு பழைய சர்வே முக்காலி கிடக்கிறது. மரக்கால்.